முடக்கு வாதத்தில் குறு ஆர்.என்.ஏக்களின் பங்கு

குறு ஆர்.என்.ஏ அல்லது மைக்ரோ ஆர்.என்.ஏ என்பது ஏறத்தாழ 22 நியூக்ளியோட்டைடுகள் நீளமுள்ள ஒரு சிறிய ஆர்.என்.ஏ மூலக்கூறு ஆகும். இது தானாகப் புரதமாக மாற்றப்படுவதில்லை. மாறாக, பிற மரபணுக்களில் இருந்து எவ்வளவு புரதம் உருவாக வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. அழற்சிசார் மூட்டு நோய்களில், குறிப்பாகச் சரவாங்கி என்று வழங்கப்படும் முடக்கு வாதத்தில், இம்மூலக்கூறுகள் சிலவற்றின் அளவு இயல்பு நிலையில் இருந்து பெரிதும் மாறுபடுவது 2008 ஆம் ஆண்டு முதல் அறியப்பட்டுள்ளது. இவற்றுள் மிர்-146ஏ, மிர்-155, மிர்-124ஏ, மிர்-223 ஆகியவை மிகுதியாக ஆராயப்பட்டவை. நோயைக் கண்டறியவும் மருந்தாக்கவும் இவை பயன்படக்கூடும் என்ற எதிர்பார்ப்பு உள்ளது. எனினும், ஒரே குறு ஆர்.என்.ஏ ஒருவகை உயிரணுவில் நன்மையும் மற்றொருவகை உயிரணுவில் தீமையும் செய்வதால் அவ்வழி எளிதானதாக இல்லை.

முடக்கு வாதம்: சுருக்கம்

முடக்கு வாதம் ஒரு தன்னெதிர்ப்பு நோய் ஆகும். உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தன் உடலின் மூட்டுகளையே தாக்குவதால் இது உண்டாகிறது. மக்கள் தொகையில் ஏறத்தாழ 0.5 முதல் 1 விழுக்காட்டினரை இது பாதிக்கிறது. ஆண்களை விடப் பெண்களிடம் இரண்டு முதல் மூன்று மடங்கு மிகுதியாகக் காணப்படுகிறது. கை, கால் விரல்களின் சிறு மூட்டுகள் இருபுறமும் ஒரே விதமாக வீங்குதல், காலையில் நெடுநேரம் நீடிக்கும் மூட்டு விறைப்பு, உடற்சோர்வு ஆகியவை இதன் முதன்மையான அறிகுறிகள். முதுமையில் மூட்டுகள் தேய்வதால் வரும் மூட்டுத் தேய்வு நோயில் இருந்து இது வேறுபட்டது.

இயல்பான மூட்டின் உட்புறத்தை மெல்லிய மூட்டுச் சவ்வு ஒன்று போர்த்தியுள்ளது. முடக்கு வாதத்தில் இச்சவ்வு தடித்து, பெருவிழுங்கி உயிரணுக்கள், டி உயிரணுக்கள், பி உயிரணுக்கள் முதலியவை அதனுள் புகுந்து குவிகின்றன. அவை வெளியிடும் கட்டி நசிவுக் காரணி-ஆல்ஃபா, இன்டர்லியூக்கின்-1, இன்டர்லியூக்கின்-6 ஆகிய சைட்டோக்கைன்கள் அழற்சியை வளர்க்கின்றன. சவ்வில் இயல்பாகவே உள்ள ஃபைப்ரோபிளாஸ்ட் உயிரணுக்கள் பெருகி, குருத்தெலும்பைச் சிதைக்கும் நொதிகளைச் சுரக்கின்றன. ஆஸ்டியோகிளாஸ்ட் எனப்படும் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்கள் மூட்டு எலும்பை அரிக்கின்றன. இவ்வாறு அரிக்கப்பட்ட எலும்பு பெரும்பாலும் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. ஆகையால் இந்நோயைத் தொடக்கத்திலேயே கண்டறிவது இன்றியமையாதது.

கண்டுபிடிப்பு வரலாறு

குறு ஆர்.என்.ஏ முதன்முதலில் மனிதரில் அன்றி, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள சீனோராப்டைட்டிஸ் எலிகன்ஸ் என்னும் உருளைப்புழுவில் கண்டறியப்பட்டது. 1993 ஆம் ஆண்டு விக்டர் அம்ப்ரோஸ், ரோசலிண்ட் லீ, ரோண்டா ஃபைன்பாம் ஆகியோர் அப்புழுவின் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் லின்-4 என்ற மரபணு புரதம் எதையும் உருவாக்கவில்லை என்றும், அதன் விளைபொருள் 22 நியூக்ளியோட்டைடு நீளமுள்ள ஓர் ஆர்.என்.ஏ மட்டுமே என்றும் காட்டினர். அதே நேரத்தில் கேரி ரவ்கனின் ஆய்வுக்குழு, அந்தச் சிறு ஆர்.என்.ஏ லின்-14 என்ற மரபணுவின் தூது ஆர்.என்.ஏவுடன் பகுதியளவு இணைந்து அதன் புரத உற்பத்தியைக் குறைப்பதைக் காட்டியது.

இது புழுவுக்கு மட்டுமே உரிய ஒரு விந்தை எனப் பல ஆண்டுகள் கருதப்பட்டது. 2000 ஆம் ஆண்டில் ரவ்கனின் குழு லெட்-7 என்ற இரண்டாவது மூலக்கூறைக் கண்டறிந்து, அது மனிதர் உள்ளிட்ட பல விலங்குகளில் மாறாமல் இருப்பதைக் காட்டிய பின்னரே இத்துறை விரிவடைந்தது. 2001 இல் மைக்ரோ ஆர்.என்.ஏ என்ற பெயர் வழக்கிற்கு வந்தது. இக்கண்டுபிடிப்புக்காக அம்ப்ரோசுக்கும் ரவ்கனுக்கும் 2024 ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. இதனுடன் தொடர்புடைய ஆர்.என்.ஏ குறுக்கீடு என்னும் நிகழ்வுக்காக ஆண்ட்ரூ ஃபயர், கிரெய்க் மெல்லோ ஆகியோர் 2006 இல் இதே பரிசைப் பெற்றிருந்தனர்.

மூட்டு நோயுடனான தொடர்பு 2008 இல் வெளிப்பட்டது. அவ்வாண்டில் சுவிட்சர்லாந்து, சப்பான், அமெரிக்க ஐக்கிய நாடுகள் ஆகிய நாடுகளின் ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே முடக்கு வாத நோயாளரின் மூட்டுச் சவ்விலும் குருதி உயிரணுக்களிலும் மிர்-146 அல்லது மிர்-155 மிகுந்திருப்பதை வெளியிட்டன.

உருவாகும் முறை

குறு ஆர்.என்.ஏ உருவாக்கம் உயிரணுவின் கருவில் தொடங்கிக் குழியமுதலுருவில் முடிகிறது. அதன் படிநிலைகள் வருமாறு:

1. டி.என்.ஏவில் உள்ள குறு ஆர்.என்.ஏ மரபணு, ஆர்.என்.ஏ பாலிமரேசு 2 என்ற நொதியால் நீண்ட ஆர்.என்.ஏ இழையாகப் படியெடுக்கப்படுகிறது. இவ்விழை தன்மீதே மடிந்து கொண்டையூசி வடிவம் பெறுகிறது.
2. கருவினுள் இருக்கும் டிரோசா என்ற நொதி, இக்கொண்டையூசியை ஏறத்தாழ 70 நியூக்ளியோட்டைடு நீளத்திற்கு வெட்டுகிறது.
3. எக்ஸ்போர்ட்டின்-5 என்ற புரதம் அதனைக் கருவில் இருந்து வெளியே எடுத்துச் செல்கிறது.
4. வெளியே டைசர் என்ற நொதி கொண்டையின் வளைவை நீக்கி, ஏறத்தாழ 22 நியூக்ளியோட்டைடு நீளமுள்ள இரட்டை இழையாக்குகிறது.
5. இரண்டு இழைகளுள் ஒன்று ஆர்கோனாட் என்ற புரதத்தினுள் பொருத்தப்படுகிறது. மற்றது பெரும்பாலும் சிதைக்கப்படுகிறது.

ஆர்கோனாட் புரதமும் அதனுள் அமைந்த குறு ஆர்.என்.ஏவும் சேர்ந்த கூட்டமைப்பே செயற்படும் அலகு ஆகும்.

இலக்கைக் கண்டறிதல்

குறு ஆர்.என்.ஏவின் 2 முதல் 8 வரையிலான நியூக்ளியோட்டைடுகள் விதைப் பகுதி எனப்படுகின்றன. தூது ஆர்.என்.ஏவின் இறுதியில், புரதமாக மாற்றப்படாத பகுதியில், இந்த விதைக்குப் பொருந்தும் வரிசை இருந்தால் கூட்டமைப்பு அங்கே பற்றிக்கொள்கிறது. அதன் விளைவாக அத்தூது ஆர்.என்.ஏ விரைவில் சிதைகிறது. அல்லது அதில் இருந்து புரதம் உருவாவது தடைப்படுகிறது.

இவ்வளவு சிறிய வரிசையைக் கொண்டு இலக்கு தெரிவு செய்யப்படுவதால் இரண்டு விளைவுகள் உண்டாகின்றன. முதலாவதாக, ஒரு குறு ஆர்.என்.ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொட இயலும். மனிதரின் புரத மரபணுக்களுள் பாதிக்கும் மேற்பட்டவை குறு ஆர்.என்.ஏக்களின் கட்டுப்பாட்டில் இருப்பதாகக் கணிக்கப்பட்டுள்ளது. இரண்டாவதாக, கணினி நிரல் கொண்டு இலக்குகளைத் தேடும்போது பொய்யான பொருத்தங்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன. நான்கு எழுத்துகளால் ஆன ஏழெழுத்து வரிசைகள் மொத்தம் 16,384 மட்டுமே. சுமார் 20,000 மரபணுக்களின் இறுதிப் பகுதிகள் ஒவ்வொன்றும் 1,000 எழுத்து நீளம் எனக் கொண்டால் மொத்தம் 2 கோடி எழுத்துகள் ஆகின்றன. எனவே குறிப்பிட்ட ஓர் ஏழெழுத்து வரிசை தற்செயலாகவே ஏறத்தாழ 1,200 இடங்களில் அமைந்துவிடும். இதனால், நிரல் காட்டும் இலக்கு எதுவும் ஆய்வகத்தில் உறுதி செய்யப்பட்ட பின்னரே ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

ஓர் இலக்கின் மீதான விளைவு பொதுவாகச் சிறிதளவே. குறு ஆர்.என்.ஏ ஒரு மரபணுவை முற்றிலும் நிறுத்துவதில்லை. அதன் அளவைச் சற்றே குறைக்கிறது. ஒரே பாதையில் உள்ள பல மரபணுக்கள் ஒருசேரக் குறையும்போதே பெரிய மாற்றம் தோன்றுகிறது.

முதன்மையான குறு ஆர்.என்.ஏக்கள்

மிர்-146ஏ

மிர்-146ஏ மனிதரின் 5 ஆம் நிறப்புரியில் அமைந்துள்ளது. இது அழற்சியின் தடுப்புக்கட்டை போன்றது. நுண்ணுயிரிப் பொருளோ சைட்டோக்கைனோ உயிரணுவைத் தூண்டும்போது என்.எஃப்-கப்பா பி என்ற புரதம் செயற்பட்டு அழற்சி மரபணுக்களை இயக்குகிறது. அதே புரதம் மிர்-146ஏ மரபணுவையும் இயக்குகிறது. உருவான மிர்-146ஏ, அத்தூண்டலைக் கடத்தும் டிராஃப்6, ஐராக்1 ஆகிய புரதங்களைக் குறைக்கிறது. இவ்வாறு அழற்சி தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறது. டேவிட் பால்டிமோரின் ஆய்வுக்குழு 2006 இல் இந்த எதிர்ப் பின்னூட்டத்தை விளக்கியது. மிர்-146ஏ நீக்கப்பட்ட சுண்டெலிகளில் தன்னெதிர்ப்பு நோயை ஒத்த நிலை தோன்றுவது பின்னர் காட்டப்பட்டது.

முடக்கு வாதத்தில் மிர்-146ஏ குறைந்திருக்கும் என்றே எதிர்பார்க்கத் தோன்றும். உண்மையில் அது மிகுந்தே காணப்படுகிறது. தடுப்புக்கட்டை அழுத்தப்பட்டும் வண்டி ஏன் நிற்கவில்லை என்பதே இங்கு எழும் கேள்வி. 2008 இல் வெளியான ஓர் ஆய்வு, நோயாளரின் குருதி உயிரணுக்களில் மிர்-146ஏ மிகுந்திருந்தும் டிராஃப்6, ஐராக்1 ஆகியவற்றின் அளவு நலமானவர்களின் அளவிலேயே இருந்ததைக் காட்டியது. அதாவது, குறு ஆர்.என்.ஏ உருவாகிறது, ஆனால் அதன் பணி நிறைவேறவில்லை. ஒரு மூலக்கூறு மிகுந்துள்ளது என்பதனாலேயே அது நோய்க்குக் காரணம் என்று முடிவு செய்யலாகாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு ஆகும்.

செயற்கை மூட்டழற்சி உண்டாக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு மிர்-146ஏ கூடுதலாகச் செலுத்தப்பட்டபோது எலும்பு அரிப்பு குறைந்தது. ஆஸ்டியோகிளாஸ்ட் உயிரணுக்கள் உருவாவதை அது தடுப்பதே காரணம்.

மிர்-155

21 ஆம் நிறப்புரியில் உள்ள பிக் என்ற மரபணுவில் இருந்து மிர்-155 உருவாகிறது. பெருவிழுங்கிகளில் இது அழற்சியை வளர்க்கிறது. அழற்சிக் குறிகையை அடக்கும் ஷிப்-1 என்ற புரதத்தை இது குறைப்பதால், கட்டி நசிவுக் காரணி-ஆல்ஃபா போன்றவை மிகுதியாகச் சுரக்கின்றன. முடக்கு வாத நோயாளரின் மூட்டு நீர்மத்தில் உள்ள பெருவிழுங்கி இன உயிரணுக்களில் மிர்-155 மிகுந்திருப்பது 2011 இல் காட்டப்பட்டது. மிர்-155 இல்லாத சுண்டெலிகளுக்குக் கொலாசன் வழியாக மூட்டழற்சியை உண்டாக்க முயன்றபோது அவை நோய்க்கு ஆளாகவில்லை.

இதற்கு நேர்மாறாக, மூட்டுச் சவ்வின் ஃபைப்ரோபிளாஸ்ட் உயிரணுக்களில் மிர்-155 குருத்தெலும்பைச் சிதைக்கும் எம்.எம்.பி-3 என்ற நொதியின் அளவைக் குறைக்கிறது. அங்கே அது பாதுகாப்பாகச் செயற்படுகிறது. ஆகவே மிர்-155 ஐ உடல் முழுவதும் தடுத்தால் ஒரு புறம் நன்மையும் மறு புறம் இழப்பும் ஏற்படக்கூடும். மேலும், மிர்-155 இல்லாத சுண்டெலிகளின் நோயெதிர்ப்பு ஆற்றல் குன்றியிருப்பது 2007 ஆம் ஆண்டிலேயே அறியப்பட்டது. தொற்றுகளை எதிர்க்கவும் இம்மூலக்கூறு தேவைப்படுகிறது.

மிர்-124ஏ

மேற்கண்ட இரண்டைப் போலன்றி, மிர்-124ஏ முடக்கு வாத நோயாளரின் ஃபைப்ரோபிளாஸ்ட் உயிரணுக்களில் குறைந்து காணப்படுகிறது. சப்பானிய ஆய்வாளர்கள் 2009 இல் இதனை வெளியிட்டனர். உயிரணுப் பெருக்கத்திற்குத் தேவையான சி.டி.கே-2 என்ற புரதமும், பெருவிழுங்கிகளின் முன்னோடிகளை மூட்டிற்கு அழைக்கும் எம்.சி.பி-1 என்ற புரதமும் மிர்-124ஏவின் இலக்குகள். ஆகையால் இது குறையும்போது ஃபைப்ரோபிளாஸ்ட்கள் பெருகுகின்றன. அழற்சி உயிரணுக்களும் வந்து குவிகின்றன.

பிற குறு ஆர்.என்.ஏக்கள்

* மிர்-223: நோயாளரின் டி உயிரணுக்களில் மிகுந்துள்ளது. ஆஸ்டியோகிளாஸ்ட் உருவாக்கத்திலும் பங்கு கொள்கிறது. சுண்டெலிகளில் இதனை அடக்கியபோது மூட்டழற்சியின் கடுமை குறைந்தது.
* மிர்-203: ஃபைப்ரோபிளாஸ்ட்களில் மிகுந்து, இன்டர்லியூக்கின்-6, எம்.எம்.பி-1 ஆகியவற்றின் சுரப்பைக் கூட்டுகிறது. டி.என்.ஏவின் மீதுள்ள மெத்தில் குறிகள் குறைவதே இதன் மிகுதிக்குக் காரணமாகக் கூறப்படுகிறது.
* மிர்-23பி: அழற்சியை அடக்குவது. இன்டர்லியூக்கின்-17 இதனைக் குறைத்துவிடுவதாக 2012 இல் காட்டப்பட்டது.
* மிர்-140: குருத்தெலும்பில் மிகுதியாக உள்ளது. இது கூடுதலாக உருவாகுமாறு மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளின் குருத்தெலும்பு, செயற்கை மூட்டழற்சியைத் தாங்கி நின்றது.

நோயறிதலில் பயன்

முடக்கு வாதக் காரணி, சிட்ருலின் ஏற்றப்பட்ட புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் ஆகிய இரண்டும் இந்நோய்க்கான வழக்கமான குருதிச் சோதனைகள். ஆனால் நோயாளருள் ஒரு பகுதியினருக்கு இவ்விரண்டும் இல்லாமலேயே நோய் இருக்கும். அத்தகையோருக்குப் புதிய அடையாளம் ஒன்று தேவைப்படுகிறது.

குறு ஆர்.என்.ஏக்கள் உயிரணுவிற்கு வெளியே குருதித் தெளியத்திலும் மூட்டு நீர்மத்திலும் காணப்படுகின்றன. நுண்பைகளுக்குள்ளோ ஆர்கோனாட் புரதத்துடன் பிணைந்தோ இருப்பதால் அவை எளிதில் சிதைவதில்லை. ஆகையால் இவை நோயின் அடையாளமாகப் பயன்படக்கூடும் எனக் கருதப்படுகிறது. மிர்-16, மிர்-146ஏ, மிர்-155, மிர்-223 ஆகியவை இந்நோக்கில் அளவிடப்பட்டுள்ளன.

இதில் பின்வரும் இடர்ப்பாடுகள் உள்ளன:

* சிவப்பணுக்களில் மிர்-16, மிர்-451 ஆகியவை நிறைந்துள்ளன. குருதி எடுக்கும்போது சிவப்பணுக்கள் சிறிதளவு உடைந்தாலும் அளவீடு பிழையாகிவிடும்.
* எந்த மூலக்கூறை ஒப்பீட்டு அளவாகக் கொள்வது என்பதில் ஆய்வகங்களிடையே ஒருமைப்பாடு இல்லை. அதனால் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.
* மிர்-146ஏ, மிர்-155 ஆகியவை வேறு பல அழற்சிகளிலும் தொற்றுகளிலும் கூடுகின்றன. ஆகவே அவை முடக்கு வாதத்திற்கு மட்டுமே உரியவை அல்ல.
* நோயாளர் உட்கொள்ளும் மருந்துகளும் குறு ஆர்.என்.ஏக்களின் அளவை மாற்றக்கூடும்.

இக்காரணங்களால் குறு ஆர்.என்.ஏ சோதனை மருத்துவமனைகளின் வழக்கமான முடக்கு வாத நோயறிதலில் இன்னும் இடம்பெறவில்லை.

மருத்துவப் பயன்பாட்டு முயற்சிகள்

முடக்கு வாதத்திற்கு மெத்தோட்ரெக்சேட் முதல்நிலை மருந்தாக உள்ளது. 1990களின் இறுதியில் கட்டி நசிவுக் காரணி-ஆல்ஃபாவைத் தடுக்கும் உயிரியல் மருந்துகள் வந்த பின்னர் பல நோயாளரின் வாழ்க்கை மேம்பட்டது. ஆயினும் ஒரு பகுதியினருக்கு இம்மருந்துகள் போதிய பயன் தருவதில்லை. அவர்களுக்கான மாற்று வழியைத் தேடுவதே குறு ஆர்.என்.ஏ ஆய்வின் நடைமுறை நோக்கம் ஆகும்.

இதற்கு மூன்று வழிகள் ஆராயப்படுகின்றன. குறைந்துள்ள குறு ஆர்.என்.ஏவைச் செயற்கையாகத் தயாரித்துச் செலுத்துவது ஒன்று. மிகுந்துள்ளதை, அதனுடன் இணையும் எதிர் இழையால் முடக்குவது மற்றொன்று. உடலே ஒரு குறு ஆர்.என்.ஏவை மிகுதியாக உருவாக்குமாறு ஒரு வேதிமருந்தால் தூண்டுவது மூன்றாவது.

முதல் இரண்டு வழிகளில் மூலக்கூறை உரிய உயிரணுவிடம் சேர்ப்பதே பெரிய சிக்கல். பாதுகாப்பற்ற ஆர்.என்.ஏ குருதியில் விரைவில் சிதைகிறது. கொழுப்பு நுண்துகள்களில் பொதித்து அனுப்பினால் பெரும்பகுதி கல்லீரலையே அடைகிறது. மூட்டினுள் நேரடியாக ஊசி மூலம் செலுத்தலாம். ஆனால் பல மூட்டுகளை ஒரே நேரத்தில் தாக்கும் நோய்க்கு அது போதுமான தீர்வாகாது. பக்க விளைவுகளும் கருதத்தக்கவை. புற்றுநோய்க்காக மிர்-34ஏவை ஒத்த எம்.ஆர்.எக்ஸ்-34 என்ற மருந்து மனிதரில் சோதிக்கப்பட்டது. கடுமையான நோயெதிர்ப்புசார் பாதிப்புகள் தோன்றியதால் 2016 இல் அச்சோதனை நிறுத்தப்பட்டது. ஒரு மூலக்கூறு நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடும் என்பதன் மறுபக்கத்தை இந்நிகழ்வு உணர்த்தியது.

மூன்றாவது வழியில், மிர்-124 உற்பத்தியைக் கூட்டும் ஒபெஃபாசிமோட் என்ற மருந்து குறிப்பிடத்தக்கது. இது வாய்வழி உட்கொள்ளப்படுவது. பிரான்சு நாட்டு நிறுவனமான அபிவாக்ஸ் இதனை உருவாக்கியது, தொடக்கத்தில் எச்.ஐ.வி தொற்றுக்காக இது ஆராயப்பட்டது. பிற மருந்துகளால் போதிய பயன் பெறாத 60 முடக்கு வாத நோயாளரிடம் மெத்தோட்ரெக்சேட்டுடன் சேர்த்து நடத்தப்பட்ட இரண்டாம் கட்டச் சோதனையின் முடிவுகள் 2022 இல் வெளியாயின. நாளொன்றுக்கு 50 மில்லிகிராம் அளவு ஏற்கத்தக்கதாக இருந்தது. பயனுக்கான அறிகுறிகளும் தென்பட்டன. 100 மில்லிகிராம் அளவில் செரிமானக் கோளாறுகளால் பலர் இடையில் விலகினர். இம்மருந்து அதன் பின்னர் பெருங்குடல் புண் அழற்சிக்காகவே பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. அதன் மூன்றாம் கட்டச் சோதனைகளில் சாதகமான முடிவுகள் கிடைத்ததாக 2025 இல் அறிவிக்கப்பட்டது.

மூட்டழற்சிக்கான குறு ஆர்.என்.ஏ மருந்து எதுவும் இதுவரை ஒப்புதல் பெறவில்லை.

ஆய்வுகளின் வரம்புகள்

இத்துறையின் முடிவுகளைப் படிக்கும்போது சில வரம்புகளைக் கருத்தில் கொள்ள வேண்டும். சுண்டெலிகளில் உண்டாக்கப்படும் மூட்டழற்சி சில வாரங்களில் தோன்றுவது. மனிதரின் நோயோ பல ஆண்டுகளில் வளர்வது. நோயாளரின் மூட்டுச் சவ்வு பெரும்பாலும் மூட்டு மாற்று அறுவையின்போது கிடைப்பதால், அது நோயின் இறுதி நிலையையே காட்டுகிறது. ஒப்பீட்டுக்கு நலமான மூட்டின் சவ்வு கிடைப்பது அரிது என்பதால் மூட்டுத் தேய்வு நோயாளரின் சவ்வே பயன்படுத்தப்படுகிறது. மேலும், சவ்வு முழுவதையும் அரைத்து அளவிடும்போது பலவகை உயிரணுக்களின் சராசரியே கிடைக்கிறது. மிர்-155 போல உயிரணுவிற்கு உயிரணு எதிரெதிராகச் செயற்படும் மூலக்கூறுகளுக்கு இச்சராசரி பொருளற்றது. தனித்தனி உயிரணுக்களைப் பிரித்து ஆராயும் முறைகள் இக்குறையைப் போக்க உதவுகின்றன.

இவற்றையும் பார்க்க

* முடக்கு வாதம்
* ஆர்.என்.ஏ குறுக்கீடு
* தன்னெதிர்ப்பு நோய்
* சைட்டோக்கைன்
* மரபணு வெளிப்பாடு